ரிப் கரண்ட்: ‘கிழி நீரோட்டம்’ வேண்டாம், ‘கடலிழுப்பு’ ஆகுமா?

ஐயா, வணக்கம்.

கடலில் இறங்கியவரைக் கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துப்போகும் நீரோட்டம்தான் ரிப் கரண்ட் (rip current). அதற்குத் தமிழ்ச் சொல்லாக நீங்கள் முன்வைத்த ‘கிழி நீரோட்டம்’ ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ப்பொருள்தான். ஆனால் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் அதைப் பலகையில் எழுதி வைத்தால், ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டியிலிருந்து பிள்ளைகளோடு வருகிறவருக்கு என்ன புரியும்?

செய்தித்தாள்களின் ‘சுழலில் சிக்கி’ அதைவிடத் தவறு. சுழல் கீழே இழுக்கும். ரிப் கரண்ட் அப்படி அமுக்குவதில்லை. அலைகள் கரையில் குவித்த தண்ணீர் ஒரு குறுகிய தடத்தில் கடலுக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். வேகம் சில நேரம் விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடுகிறவர் களைத்துப்போய்த்தான் மூழ்குகிறார். எதிர்நீச்சல் தமிழில் பாராட்டுச் சொல். இங்கே அதுவே ஆளைக் கொல்கிறது. கரையை ஒட்டிப் பக்கவாட்டில் நீந்த வேண்டும், முடியாதவர் மல்லாந்து மிதக்க வேண்டும்.

நேற்று இன்னொருவர் சொன்ன ‘உள்ளிழுப்பு’ எங்கள் ஊர்ப் பேச்சுக்கு நெருக்கமானது. “உள்ள இழுத்துடுச்சு” என்றுதான் இங்கே சொல்வோம். ஆனால் உள்நீச்சல் என்றால் தண்ணீருக்கு அடியில் நீந்துவது. அந்த ‘உள்’ மறுபடி ஆழத்தையே நினைவூட்டும். ‘உள்வாங்கல்’ என்றால் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் வேறு பொருள்: கடலே பின்வாங்குவது.

இன்னொன்று: மாட்டுகிறவர்களில் பலர் நீந்தப் போனவர்கள் இல்லை, குளிக்கப் போனவர்கள். புறநானூற்றின் 243ஆம் பாட்டில் மடுவில் பாய்ந்து ‘குளித்து’ மணல் எடுக்கிறான் ஓர் இளைஞன். அங்கே குளித்தல் மூழ்குதல். முத்துக்குளிப்பிலும் அதே பொருள். இன்று குளிப்பவரோ இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறார், நீச்சல் தெரியாது. கால் நிலை கொள்ளாமல் போனதும் பதறுகிறார். சொல் அவருக்காக அமைய வேண்டும்.

அதனால் ‘கடலிழுப்பு’. “இன்னிக்கு இழுப்பு ஜாஸ்தி” என்பது ஏற்கெனவே வாயில் இருக்கிறது. இழுப்பு மட்டும் என்றால் வலிப்பு, மூச்சிரைப்பு என்று போகும். ‘கடல்’ முன்னால் வந்தால் அந்தக் குழப்பம் இல்லை, போகும் திசையும் தெரிகிறது.

தண்ணீர் கடலுக்குத் திரும்பும் அந்தக் குறுகிய தடத்துக்கும் ஒரு சொல் வேண்டும். அங்கே அலை உடையாது, பார்க்க அமைதியாக இருக்கும், அதை நம்பித்தான் இறங்குகிறார்கள். ‘வாய்’ எனலாம் என்றால் கெடிலம் முகத்துவாரம் பக்கத்திலேயே இருக்கிறது, ஆற்றுவாய் என்று நினைத்துவிடுவார்கள். ‘இழுப்புத்தடம்’ சரிப்படுமா?