அம்மா வீட்டை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறார், என்ன செய்யலாம்?

அல்சூர்வாசி:
அம்மாவுக்கு 72 வயது. அப்பா போனபின் கும்பகோணத்திலிருந்து பெங்களூருக்கு எங்களோடு வந்துவிட்டார். அங்கே தினமும் காலையில் கும்பேஸ்வரர் கோயில், திரும்பும் வழியில் காய், பூ என்று ஒரு மணி நேரமாவது நடப்பார். இங்கே நான்காவது மாடி. காய்கறி ஆப்பில் வந்துவிடுகிறது. ஜூன் மாதம் நடைபாதையில் பெயர்ந்து கிடந்த கல் தடுக்கி விழுந்தார். சிராய்ப்புதான், எலும்புக்கு ஒன்றுமில்லை, நடக்கலாம் என்றார் டாக்டர். அம்மாவோ "முட்டி வலிக்குதுப்பா" என்று உட்கார்ந்தே இருக்கிறார். அடி எண்ணும் வாட்ச் வாங்கிக் கொடுத்தேன், தொடவில்லை. ஒரு நாள் கோபத்தில் திட்டிவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

பிசியோ அக்கா:
முதியவர்களுக்குப் பிசியோதெரபி செய்கிறேன். முட்டி வலியோடு, மறுபடி விழுவோமோ என்ற பயமும் இருக்கும். பயத்தில் நடை குறையும், தொடைத் தசை தளரும், அப்புறம் உண்மையிலேயே விழ வாய்ப்பு கூடும். 65 தாண்டியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு, கூடவே வாரம் 3 நாளாவது தடுமாறாமல் நிற்கப் பழகும் பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். அந்த 150 இப்போது வேண்டாம். கெட்டியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு 5 தடவை எழுந்து உட்காரட்டும். பக்கத்தில் நில்லுங்கள், அவசரப்பட்டுப் பிடிக்காதீர்கள். தன்னால் முடிகிறது என்று அவருக்கே தோன்ற வேண்டும். வெளியே போகும்போது பின்பக்கம் பட்டை வைத்த செருப்பு.

மல்லேஸ்வரம் பாட்டி:
தம்பி, எனக்கு 70. உங்க அம்மா ஊரில் நடந்தது சாமிக்காகவும் கத்திரிக்காய்க்காகவும். அந்த வேலையை எடுத்துவிட்டு நடை மட்டும் வேண்டுமென்றால் எப்படி? மகன் வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கும் கன்னடம் தெரியாது, கீழே இறங்கவே கூச்சம். ஒரு நாள் பூக்காரம்மா "என்னம்மா வேணும்?" என்று தமிழில் கேட்டாள். அவளோடு பேசவே தினம் போனேன். இப்போது சாங்கி ஏரிக்கரையில் நாலு பேர் சேர்ந்து நடக்கிறோம். ஒருத்தி வராவிட்டால் உடனே போன் பறக்கும். அல்சூரில் தமிழுக்கா பஞ்சம்? சோமேஸ்வரர் கோயில் வேறு இருக்கிறது. முதலில் அந்தக் காய்கறி ஆப்பை நிறுத்துங்கள்.

அல்சூர்வாசி:
நேற்று ராத்திரி இதையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பூக்காரம்மா விஷயத்தை மட்டும் இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார். காலையில் "கறிவேப்பிலை தீர்ந்துபோச்சும்மா" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை வந்தார். கடை திறக்கவில்லை. "நாளைக்கு வெயிலுக்கு முன்னாடியே வரலாம், ஆனா ஏழு மணிக்குத் திறப்பானா கேட்டு வை" என்றார்.