புதுப்பிப்பு: சிறுநீர்க் கசிவு மாத்திரைகள், வாய் வறட்சி, மிராபெக்ரான்

திடீரென முட்டிக்கொண்டு வந்து, கழிவறைக்குப் போவதற்குள் கசிந்துவிடும் பிரச்சினைக்கு ஆக்ஸிபியூட்டினின், சோலிஃபெனாசின் தருவது பற்றி முன்பு எழுதியிருந்தேன். "ஒரு வாரமாகியும் பலனில்லை, வாய்தான் காய்கிறது" என்று சிலர் கேட்டதால் இந்தக் கூடுதல் விவரம்.

இவை, நரம்புகள் தசைக்கும் சுரப்பிக்கும் செய்தி அனுப்பும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலினைத் தடுத்து, சிறுநீர்ப்பைத் தசை நேரங்கெட்ட நேரத்தில் இறுகாமல் பார்த்துக்கொள்கின்றன. உமிழ்நீர்ச் சுரப்பியையும் குடலையும் இயக்குவதும் அதே அசிட்டைல்கோலின்தான். வாய் வறட்சி, மலச்சிக்கல் எல்லாம் அதனால்தான். பலன் சரியாகத் தெரிய 4 வாரமாவது ஆகும். நா வறள்கிறதே என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தால் கசிவு கூடும். வாயை நனைத்துக்கொண்டால் போதும்.

வயதானவர்கள் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை. ஆக்ஸிபியூட்டினின் மூளைக்குள் எளிதில் புகும்; குழப்பம், மறதி வரலாம். ஏற்கெனவே அமிட்ரிப்டிலினோ (மனச்சோர்வு, நரம்பு வலிக்கான மருந்து), சளி, அரிப்புக்கான தூக்கம் வரவழைக்கும் மாத்திரையோ சாப்பிட்டால் பாதிப்பு இன்னும் கூடும். மருந்துச் சீட்டு முழுவதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதே பிரச்சினைக்கான இன்னொரு மாத்திரையான மிராபெக்ரான் வேறு வழியில், சிறுநீர்ப்பைத் தசையிலுள்ள பீட்டா-3 என்ற ஏற்பியைத் தூண்டித் தசையைத் தளர்த்துகிறது. 25 அல்லது 50 மி.கி., தினம் ஒருமுறை. வாய் அவ்வளவாகக் காயாது, ஆனால் ரத்த அழுத்தம் ஏறலாம். 180/110-ஐத் தொட்டவர்களுக்கு ஆகாது. ரத்த அழுத்த மருந்தான மெட்டோபிரோலால் சாப்பிடுபவர்களுக்கு, மெட்டோபிரோலாலின் அளவு ரத்தத்தில் கூடும். மிராபெக்ரான் மாத்திரையை உடைக்காமல், மெல்லாமல் விழுங்க வேண்டும்.

இருமும்போதும் தும்மும்போதும் மட்டும் கசிந்தால் இரண்டு வகையும் உதவாது. அதற்கு இடுப்புத்தளத் தசைப் பயிற்சிதான். மாத்திரை தொடங்கியபின் சிறுநீர் அடியோடு நின்றாலோ, கண் வலித்துப் பார்வை மங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.