லிகூரியா கடற்கரையில் அம்மாவுக்கும் எங்களுக்கும் எங்கே சாப்பாடு?

வணக்கம். செப்டம்பரில் நான், மனைவி, அம்மா மூவரும் 10 நாள் இத்தாலி போகிறோம். முதலில் ஜெனோவா, அப்புறம் சின்க்வே தேர்ரே என்ற ஐந்து கடலோர ஊர்களில் ஒன்றான மொன்டெரோசோ. அந்த ஐந்து ஊர்களுக்கும் ரயில் இருப்பதால் கார் எடுக்கவில்லை.

அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். போன தடவை நேப்பிள்ஸ் பக்கம் ஒரு உணவகத்தில் காய்கறி சூப் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், பாதி குடித்த பிறகு கேட்டால் இறைச்சி வேகவைத்த தண்ணீர் சேர்த்ததாம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு ஊர் திரும்பும்வரை ரொட்டியும் பழமும்தான். இந்த முறை அப்படி நடக்கவே கூடாது.

கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு மட்டும் போட்டு அடுப்பில் சுடும் ஃபரினாத்தா அவருக்குக் கண்டிப்பாகப் பிடிக்கும். ஜெனோவா பழைய நகரச் சந்துகளில் விறகடுப்பில் சுடும் கடை எது நல்லது? ட்ரோஃபியே பாஸ்தாவில் முட்டை இல்லை, சரி, ஆனால் அதோடு வரும் பேசில் இலைச் சாஸான பெஸ்தோவில் போடும் பார்மிஜானோ சீஸில், பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் இருக்கிறதே, சீஸ் இல்லாமல் கேட்டால் அரைத்துத் தருவார்களா?

எங்கள் இருவருக்கும் மொன்டெரோசோ நெத்திலியும், அதையே உருளைக்கிழங்கு, தக்காளியோடு அடுக்கிச் சுடும் வெர்னாட்சா ஊரின் தெகாமேயும் சாப்பிட வேண்டும். வழியில் ரெக்கோ ஊரில் சீஸ் வைத்த ஃபொகாச்சா ரொட்டிக்காக மட்டும் ரயிலிலிருந்து இறங்கலாமா?

போய் வந்தவர்கள் கடைப் பெயரோடு சொல்லுங்கள். இறைச்சி, மீன், முட்டை எதுவும் வேண்டாம் என்று இத்தாலிய மொழியில் தெளிவாகச் சொல்ல ஒரு வரியும் எழுதிக் கொடுத்தால் பெரிய உதவி.