மறு: பிறந்த குழந்தையின் ஹார்ட் ரேட்டுக்கு என்ன சொல்?

வணக்கம். லேபர் வார்டு சிஸ்டர்களுக்கான தமிழ்க் கையேட்டில் எழுத வேண்டிய சொல்லைப் பற்றி.

> 'நாடித்துடிப்பு' என்றே எழுதிவிடலாமே. ஊரறிந்த சொல்.

ஊரறிந்த சொல்தான் ஐயா, சிக்கலும் அதுதான். பிறந்த குழந்தை அழாமல் துவண்டு கிடக்கும்போது லேபர் வார்டில் யாரும் கையைப் பிடித்து நாடி பார்ப்பதில்லை. நெஞ்சில் ஸ்டெத் வைத்து ஆறு நொடி எண்ணிப் பத்தால் பெருக்குவோம். எட்டு கேட்டால் 80. எண்ணுகிறவர் அதே தாளத்தில் விரலால் தட்டிக் காட்டுவார். மாஸ்க்கைப் பிடித்திருப்பவருக்கு அது போதும். 100-க்குக் கீழே என்றால் பையை அழுத்தி மூச்சுக் கொடுக்க வேண்டும். நெஞ்சு எழும்பும்படி 30 நொடி கொடுத்தும் 60-ஐத் தொடவில்லை என்றால்தான் நெஞ்சை அழுத்துவது.

தொப்புள்கொடியின் அடியைத் தொட்டுப் பார்ப்பதும் உண்டு. அது நாடி. இதயம் நன்றாக ஓடும்போதே விரலுக்குக் குறைவாகப் படும், சில நேரம் படவே படாது. வலது கையில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் காட்டுவதும் நாடியே; எண் வர ஓரிரு நிமிடம் பிடிக்கும், அதற்குள் முக்கியமான முதல் நிமிடம் போய்விடும். ஈசிஜி அதைவிடச் சீக்கிரம் காட்டும். ஆனால் அது பார்ப்பது மின்னோட்டத்தை. திரையில் அலை ஓட, இதயம் ரத்தத்தைத் தள்ளாமல் கிடப்பதும் நடக்கும். இத்தனைக்கும் சேர்த்து 'நாடித்துடிப்பு' என்று எழுதினால் கையேட்டைப் படிக்கும் சிஸ்டர் எதைப் பார்ப்பார்?

> 'இதயத் துடிப்பு விகிதம்' புழக்கத்தில் இருக்கிறதே?

இதே கையேட்டில் மூன்று அழுத்தலுக்கு ஒரு மூச்சு என்று வருகிறது. அது விகிதம். நிமிடத்துக்கு இத்தனை என்பது வீதம். இலங்கையில் வட்டிக்குக்கூட 'வட்டி வீதம்' என்பார்கள். நாம்தான் இரண்டையும் குழப்பிக்கொண்டோம்.

> அணு எண் போல 'துடிப்பெண்'?

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பெண் ஒருத்தி வந்து நிற்கிறாள்!

என் பரிந்துரை 'துடிவீதம்'. ஆக்சிமீட்டர் எண்ணுக்கு 'நாடிவீதம்', ஈசிஜிக்கு 'மின்துடிவீதம்'. துடி என்றால் உடுக்கையும்தான்; விரலால் தட்டிக் காட்டும் வழக்கத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. அவசரத்தில் "துடி எவ்வளவு?" என்று கேட்டாலும் போதும்.

---

> அவசரத்தில் "துடி எவ்வளவு?"

எழுத்தில் துடிவீதம் எனக்குச் சம்மதம் டாக்டர். பேச்சில் வேண்டாம். கதவுக்கு வெளியே பாட்டி காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே 'துடி' என்று ஒரு சத்தம் கேட்டால் "ஐயோ, பிள்ளை துடிக்குதா!" என்று அங்கேயே உட்கார்ந்துவிடுவார். எங்கள் பக்கம் துடிப்பது என்றால் வலியில் துடிப்பதுதான்.

---

பாட்டியை மறந்துவிட்டேன் அம்மா, ஒப்புக்கொள்கிறேன். தாளில் 'துடிவீதம்' இருக்கட்டும். வாயில் பின்பாதி மட்டும்:

"வீதம் எவ்வளவு?"

"எண்பது. ஏறுது."