மிலிட்டரி பென்ஷனில் வீடும் பிள்ளைகள் படிப்பும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

முன்னாள் ஹவில்தார்:
மகளுக்கு பி.எஸ்சி. நர்சிங் சீட் கிடைத்தது. முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகளுக்கான பிரதமர் ஸ்காலர்ஷிப்புக்கு, அவள் என்னைச் சார்ந்தவள் என்று காட்டும் சார்ந்தோர் சான்று வேண்டுமே, அவளையும் கூட்டிக்கொண்டு எக்ஸ்சர்வீஸ்மேன் ஆபீஸ் போனேன். அங்கிருந்தவர், பணி முடிந்து வரும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கில் குடும்ப விவரப் பக்கத்தைத் திறந்தார். மார்க் ஷீட்டை ஒட்டி வைத்தார். அப்புறம் ஒரு ஸ்கேலை எடுத்து அவள் பெயருக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினார். ஓர் எழுத்து இடித்தது. அவள் பிறந்த வருடம் யூனிட்டில் குடும்ப விவரத்தைப் பதிவு செய்யும் பார்ட் டூ ஆர்டர் போட்ட பாபு (கிளார்க்), காதில் விழுந்தபடி டைப் அடித்த பெயர் அது. "ரெக்கார்ட் ஆபீஸ்ல திருத்திட்டு வாங்க" என்றார். மகள் அந்த ஸ்கேலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திருத்தம் வருவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. முதல் வருடம் விட்டால் விட்டதுதான். பெண் பிள்ளைக்கு மாதம் 3,000 ரூபாய். அவள் ஹாஸ்டல் செலவில் பெரும்பகுதி அதில் ஓடியிருக்கும்.

சுபேதார், திருச்சி:
ஹவில்தார் தம்பி, இதற்கு ரெக்கார்ட் ஆபீஸ் எதற்கு? என் மகனுக்கு இனிஷியல் மாறியிருந்தது. நோட்டரி அஃபிடவிட் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

புதிதாகப் பென்ஷன் வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பிரதமர் ஸ்காலர்ஷிப்புக்குப் பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும். பேங்க் கணக்கு பிள்ளை பெயரில் இருக்க வேண்டும், அப்பா கணக்கு ஆகாது. அது கிடைக்காதவர்கள் சும்மா இருக்காதீர்கள். ஹவில்தார் வரைக்கும் உள்ளவர்கள் ரக்ஷா மந்திரி (பாதுகாப்பு அமைச்சர்) நிதியில் இரண்டு பிள்ளைகளுக்குக் கல்வி உதவி கேட்கலாம், ஒன்றாம் வகுப்பிலிருந்து டிகிரி வரை. மாதம் 1,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு 2,000. ஹவில்தாருக்கு மேல் ஜே.சி.ஓ. ரேங்கில் இருந்த எனக்குக் கிடையாது, உங்களுக்கு உண்டு, விடாதீர்கள். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் நம் பிள்ளைகளுக்கென்று 150 இடம் தனியாக இருக்கிறது. விண்ணப்பம் போடும்போதே அந்தப் பிரிவைக் காட்ட வேண்டும், பிறகு போய்க் கெஞ்சிப் பயனில்லை. இன்னொன்று: கம்யூட்டேஷன் பணத்தை, அதாவது பென்ஷனில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து மொத்தமாக வாங்கும் பணத்தை, கொண்டுபோய் வீட்டில் கொட்டாதீர்கள். முதலில் படிப்பு முடியட்டும்.

முன்னாள் ஹவில்தார்:
சாப், இனிஷியல் வேறு, பெயர் வேறு. அஃபிடவிட் என் கையிலேயே இருந்தது. பெயர் என்றால் பார்ட் டூ ஆர்டர்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

சிப்பாய் மனைவி:
எங்களுக்கு வாடகை வீடு கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அவர் 17 வருஷ சர்வீஸ் முடித்துப் பென்ஷன் வந்தபோது வயது 37. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பையன் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்தோம். ஓர் இடத்தில் எல்லாம் பேசி முடித்து அட்வான்ஸை எண்ணும்போது வீட்டுக்காரர், "சார் என்ன வேலை பாக்குறார்?" என்றார். "மிலிட்டரி பென்ஷன்" என்றேன். இவரை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வயசுலயா? ஏதாவது பிரச்சினையாகி அனுப்பிட்டாங்களா?"

இவர் ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து டிஸ்சார்ஜ் புக்கை எடுத்து, கேரக்டர் என்ற இடத்தில் 'எக்ஸெம்ப்ளரி' (முன்மாதிரியான நடத்தை) என்று போட்டிருப்பதை விரல் வைத்துக் காட்டினார். சியாச்சினில் இருந்துவிட்டு வந்த மனுஷன். வாடகை வீட்டுக்காக அதை ஒருவரிடம் நீட்டிக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அந்த வீடு வேண்டாம் என்று வந்துவிட்டோம். ஸ்காலர்ஷிப் பற்றி ஆயிரம் பேர் சொல்கிறார்கள், இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சிக்னல்ஸ் நாயக்:
சுபேதார் சாப் கம்யூட்டேஷன் பற்றிச் சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பென்ஷனில் 50 சதவீதம் கம்யூட் செய்தால் அந்தப் பங்கு திரும்ப வர 15 வருடம் ஆகும், உண்மைதான். நாற்பதை ஒட்டி வெளியே வருகிறவனுக்கு, பிள்ளைகள் கல்லூரி போகிற காலம் முழுக்கக் குறைந்த பென்ஷன்தான். ஆனால் அகவிலைப்படி முழு பென்ஷனுக்கும் கணக்கிட்டுத்தான் வருகிறது, அதை யாரும் சொல்வதில்லை.

நான் கம்யூட்டேஷன், கிராஜுவிட்டி இரண்டையும் போட்டுத்தான் வீட்டை ஆரம்பித்தேன். மேல்தளத்துக்குச் சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டியாகிவிட்டது. அன்றைக்குத்தான் மகன் காலேஜ் ஃபீஸுக்குக் கடைசி நாள். மேஸ்திரி படியில் உட்கார்ந்து, "நாளைக்கு கான்கிரீட் போடலாமா, இல்ல ஆளுங்களை வேற சைட்டுக்கு அனுப்பவா?" என்கிறார். மகன் குறுக்கே வந்து, "நான் அடுத்த வருஷம் சேர்ந்துக்கறேம்பா, நீங்க தளத்தைப் போடுங்க" என்றான். பதினேழு வயதுப் பையன் சொல்கிற பேச்சா அது? ஃபீஸைக் கட்டினேன். ஆட்களை அனுப்பிவிட்டேன். கட்டிய கம்பி மழையில் நனைந்து துரு ஏறியது. அப்புறம் பிரஷ் போட்டுத் தேய்த்துத்தான் கான்கிரீட் போட்டோம்.

அப்படியும் கம்யூட் செய்தது சரி என்றுதான் சொல்வேன். இன்றைக்கு மாதா மாதம் வாடகை இல்லை, அந்தப் பணம் அவன் மெஸ் பில்லுக்குப் போகிறது. மேலே அந்த அம்மா எழுதியதைப் படித்தீர்களா, சாப்? படிப்பு முடியும்வரை வீட்டைத் தள்ளிப்போடு என்றால், அதுவரை அந்த மாதிரி வாசல்களில்தானே நிற்க வேண்டும்?