மணிக்கட்டு வலி, ஆனால் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை: கீன்பாக் நோய் அனுபவங்கள்

என் மகனுக்கு 17 வயதில் வலது மணிக்கட்டின் மேல்பக்கம், நட்டநடுவில் வலி வந்தது. அடிபட்ட நினைவே அவனுக்கு இல்லை. கையை ஊன்றி எழ முடியவில்லை, பிடிமானமும் குறைந்துகொண்டே போனது. எக்ஸ்ரே பார்த்துவிட்டு வெறும் சுளுக்கு என்றார்கள். வலி விடாததால் கை அறுவை நிபுணர் ஒருவரிடம் போனோம். எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் கீன்பாக் நோய் என்று தெரிந்தது.

மணிக்கட்டின் 8 சிறு எலும்புகளில் பிறை வடிவில் இருப்பது லூனேட். அதற்குப் போகும் ரத்த ஓட்டம் கெட்டு, எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகிறது. முதல் கட்டத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. தயவுசெய்து இதை மனதில் வையுங்கள். பிள்ளைக்கு வலி வாரக்கணக்கில் நீடித்தால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று நீங்களே கேளுங்கள்.

முதலில் மாவுக்கட்டு, அப்புறம் ஸ்ப்ளின்ட். சிறு பிள்ளைகளுக்குக் கையை அசைக்காமல் வைத்தாலே எலும்பு தேறிவிட நல்ல வாய்ப்பு உண்டாம். வயது கூடக்கூட அது குறையும். இவனுக்கு வலி தணியவில்லை. முன்கையின் இரண்டு எலும்புகளில், சுண்டுவிரல் பக்கம் இருக்கும் அல்னா, கட்டைவிரல் பக்கம் இருக்கும் ரேடியஸைவிட மணிக்கட்டருகே குட்டையாக இருந்ததால் லூனேட் மேல் அதிக பாரம் விழுந்திருக்கிறது. அதனால் ரேடியஸைச் சில மில்லிமீட்டர் குறைத்துத் தகடு வைத்தார்கள். அதற்கு முன் வளர்ச்சித் தட்டு (எலும்பு நுனியருகே நீளம் வளரும் இடம்) மூடிவிட்டதா என்று பார்த்தார்கள். ரேடியஸின் வளர்ச்சியில் ஏறக்குறைய முக்கால் பங்கு மணிக்கட்டுப் பக்கத் தட்டிலிருந்துதான் வருகிறது, அதனால் இந்த வயதில் அதைப் பார்க்காமல் கத்தி வைக்கக் கூடாது. இப்போது வலி பெரும்பாலும் இல்லை. மணிக்கட்டு முன்போல முழுதாக மடங்காது, ஆனால் எழுதுகிறான், பை தூக்குகிறான். எனக்கு அது போதும்.

பதில்:
அக்கா, எனக்கு 19 வயதில் இதே நோய். ஆனால் எனக்கு இரண்டு எலும்பும் சம நீளம். அதனால் ரேடியஸைத் தொடவில்லை, லூனேட்டை ஒட்டி விரல் பக்கம் இருக்கும் கேப்பிடேட் எலும்பைக் குறைத்தார்கள். எனவே ஒருவருக்குச் செய்த சிகிச்சையையே தங்களுக்கும் கேட்காதீர்கள். இன்னொன்று, நீளத்தை அளக்க எக்ஸ்ரே எடுக்கும்போது முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி மடக்கி, கையைத் தட்டையாக வைக்க வேண்டும். கை திரும்பியிருந்தால் அளவு மாறிவிடும். எனக்கு இரண்டாம் முறை எடுத்ததில்தான் சரியாக வந்தது. உங்கள் மகனுக்குத் தகட்டை எடுத்துவிட்டார்களா, அப்படியே விட்டிருக்கிறார்களா?