மாடியில் ஜிப்சம் போர்டு தடுப்பு: போர்டு ஏறுவதற்கு முன்னால் எதெல்லாம் முடிந்திருக்கணும்?

கோட்டையூர்க்காரி:
வணக்கம். காரைக்குடி பக்கம் கோட்டையூரில் வீடு கட்டுகிறோம். கீழே ஆத்தாவுக்காக வளவு, பட்டாலை என்று பழைய செட்டிநாட்டு வீட்டு முறையில் எல்லாம் வைத்துச் செங்கல் சுவர்தான். மாடியில் அறைத் தடுப்புகள் மட்டும் ஜிப்சம் போர்டு. அந்த இடத்துக்கு அடியில் பீம் இல்லை, நாலரை அங்குலச் சுவர்கூட ஏற்ற வேண்டாம் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார்.

போர்டு வேலைக்கு மதுரையிலிருந்து ஆள் வருகிறார்கள். தீபாவளிக்கு முன்னாலேயே லோடு இறக்கட்டுமா என்று கேட்கிறார்கள். மொட்டைமாடியில் இன்னும் தட்டோடு பதிக்கவில்லை. ஒயரிங் பைப் பாதியில் நிற்கிறது. மாடித் தரைக்கு ஆத்தங்குடிக் கல் (கையால் செய்யும் சிமெண்ட் டைல்) சொல்லியிருக்கிறோம், அதுவும் வரவில்லை. கொத்தனார் “அவங்க முடிச்சுட்டுப் போகட்டும், வெளிச்சுவர் உள்பூச்சை நாம பின்னாடி பாத்துக்குவோம்” என்கிறார். அண்ணன் சிங்கப்பூரில் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டுகிறான், அவ்வளவுதான். வரிசை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை சூப்பர்வைசர்:
ஆச்சி, மொதல்ல மதுரைக்கு போனைப் போட்டு லோடு ஏத்த வேணாம்னு சொல்லுங்க. ஐப்பசி, கார்த்திகை அடைமழை தலைக்கு மேல நிக்குது. தட்டோடு போடாத தளத்துக்குக் கீழ ஜிப்சம் போர்டை அடுக்குனா, தண்ணியக் குடிச்சு மாவாப் போகும், மேல இருக்கிற காகிதத்துல பூஞ்சணம் பிடிக்கும். காயவச்சு மாட்டுற சாமான் இல்ல அது.

உங்க கொத்தனார் சொல்றது தலைகீழ். பூச்சு முடிச்சு, தண்ணி அடிச்சு, அந்த ஈரமும் காஞ்ச பிறகுதான் போர்டு. மொட்டைமாடியைச் சுத்தி சாந்துல வரப்பு கட்டி ரெண்டு நாள் தண்ணி நிறுத்துங்க. அடியில ஒரு பொட்டு ஈரம் தெரியலைன்னா தட்டோடு பதிக்கட்டும். ஜன்னலுக்குக் கண்ணாடி ஏறணும், இல்லாட்டி சாரல் வரும். தண்ணிப் பைப்புக்குப் பம்பு வச்சு பிரஷர் ஏத்தி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்க. ஏசி வடிகால்ல ஒரு வாளி ஊத்துனா வாட்டம் சரியான்னு தெரிஞ்சுபோகும். பாத்ரூம் சுவருக்குப் பச்சை போர்டு போடலாம்பாங்க. அது ஈரக்காத்தைத் தாங்கும், தண்ணி விழுறதைத் தாங்காது. அங்க சிமெண்ட் போர்டு போடச் சொல்லுங்க.

தரைதான் உங்க வீட்டுல சிக்கல். ஆத்தங்குடிக் கல்லை ஈரச் சாந்துல பதிப்பாங்க, தண்ணி ஓடும். பதிச்ச கல்லு மேல டிரில் போட்டுச் சேனல், அதான் தடுப்புச் சட்டத்தோட அடித் தகரப் பட்டை, அடிச்சா கல்லு விரியும். அதனால தடுப்பு வர்ற கோட்டுல நூல் அடிச்சு, தரை மட்டத்துக்கு மேல நாலு அங்குலம் நிக்கிற மாதிரி ஒரு கான்கிரீட் கட்டை போட்டுடுங்க. கல்லு அந்தக் கட்டையில வந்து முட்டட்டும். கீழ்ச்சேனல் கட்டை மேல உக்காரும். பின்னாடி வீடு துடைக்கிற தண்ணியும் போர்டைத் தொடாது.

அடுத்து, போர்டை மாட்டுற தகரச் சட்டம் நிறுத்துனதும் வீட்டுல எல்லாரும் மாடி ஏறி, எங்கெங்க என்ன மாட்டப் போறீங்கன்னு சாக்பீஸால குறிங்க. நம்ம ஊர் வீட்டுல சுவரு என்னைக்குச் சும்மா இருந்திருக்கு? ஐயா, அப்பத்தா படம் தேக்குச் சட்டத்துல இருக்கும், தஞ்சாவூர்ப் படம் இருக்கும், டிவி, அலமாரி வேற. போர்டு கனம் பன்னிரண்டரை மில்லிமீட்டர்தான், அதுல வெறும் ஆணி நிக்காது. குறிச்ச இடத்துல ரெண்டு ஸ்டட்டுக்கு (சட்டத்துல நெட்டா நிக்கிற தகரக் கால்) நடுவுல ஜி.ஐ. பட்டை, அதான் துத்தநாகம் பூசின இரும்புப் பட்டை, குறுக்க வைக்கச் சொல்லுங்க. பிளைவுட்டும் வைப்பாங்க, ஆனா நம்ம மண்ணுல கரையானுக்குச் சோறு போட்ட கதை. ஸ்டட்டுக்கு ஸ்டட்டு ரெண்டடி இருக்கட்டும், அப்பத்தான் நாலடி போர்டோட ஓரம் ஸ்டட் மேல வந்து முடியும்.

புதுவயல் ஒயர்மேன்:
சூப்பர்வைசர் அண்ணன் ஒயரிங்கை விட்டுட்டாரு. ஸ்டட்டுல இருக்கிற ஓட்டை வழியா ஒயரை வெறுமனே இழுக்க விடாதீங்கக்கா, தகரத்து விளிம்பு அறுத்துடும். பைப் போட்டுத்தான் இழுக்கணும். பைப்பும் போர்டை ஒட்டி ஓடக்கூடாது, ஸ்டட்டோட அகலத்துக்கு நடுவுல ஓடணும். 25 மில்லி ஸ்க்ரூ போர்டைத் தாண்டி இன்னும் அரை அங்குலம் உள்ள போகும். ஸ்விட்ச் பாக்ஸ் சட்டத்துல இருந்து போர்டு கனத்துக்கு வெளிய நீட்டி நிக்கணும். ஒரு பக்கம் போர்டு மூடுனதும், மறுபக்கம் மூடுறதுக்கு முந்தி, டேப்பை வச்சு அளவு தெரியிற மாதிரி ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வைங்க.

கானாடுகாத்தான் பேரன்:
இடையில் நுழைகிறேன். எங்கள் பழைய வீட்டில் இரண்டாங்கட்டுச் சுவர் ஓதம் ஏறிப் பொரிகிறது. அதன் மேலேயே போர்டு அடித்து மூடிவிடலாமா?

தேவகோட்டை சூப்பர்வைசர்:
வேண்டவே வேண்டாம் தம்பி. சுண்ணாம்புச் சுவரு ஈரத்தை வெளிய விட்டுத்தான் உசுரோட இருக்கு. மூடுனா ஈரம் உள்ளேயே நின்னு போர்டையும் தின்னும். ஓதம் எங்கேர்ந்து ஏறுதுன்னு பாத்து நிறுத்திட்டு, சுண்ணாம்புலயே பூசுங்க.

கோட்டையூர்க்காரி:
எல்லாருக்கும் நன்றி. மதுரைக்காரரைத் தை மாதம் வரச் சொல்லிவிட்டேன், கொஞ்சம் முணுமுணுத்தார். கான்கிரீட் கட்டைக்குக் கொத்தனார் தனிக்கூலி கேட்கிறார், கொடுத்துவிடலாம். இன்னொன்று. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பர்மா தேக்கு இரட்டைக் கதவு ஒன்று நிலையோடு வாங்கியிருக்கிறோம். மாடி அறைக்கு அதைத்தான் வைக்கணும் என்று ஆத்தா ஒரே பிடி. ஸ்டட் தாங்குமா?

தேவகோட்டை சூப்பர்வைசர்:
தாங்காது ஆச்சி. கதவைச் சாத்துற ஒவ்வொரு தடவையும் சுவரே ஆடும், போர்டும் போர்டும் சேர்ற இடத்துல ஒட்டுற ஜாயிண்ட் டேப் பிளக்கும். நிலைக்கு ரெண்டு பக்கமும் இரும்பு பாக்ஸ் கம்பம், தரையில இருந்து மேல்தளம் வரைக்கும், ரெண்டு முனையிலும் பிளேட் வச்சு ஆங்கர் போல்ட்டு போட்டு நிறுத்தணும். மேல ஒரு குறுக்குக் கம்பம். துருப் பிடிக்காம ரெட் ஆக்சைடு அடிச்சு, நிலையை அதுல மாட்டி, ரசமட்டம் பாத்த பிறகு போர்டு சட்டம் அந்தக் கம்பத்தை ஒட்டி வரட்டும். இதெல்லாம் போர்டுக்காரர் வர்றதுக்கு முந்தியே வெல்டர் முடிச்சிருக்கணும்.

ஆனா அதுக்கும் முந்தி, கதவையும் நிலையையும் இரும்புக்கடைத் தராசுல ஏத்தி எடையைப் பாத்து இன்ஜினியர்கிட்ட சொல்லுங்க. அடியில பீம் இல்லைன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க.